ஒரு மரப்பட்டையின் நான்கு மருந்துகள்

பொள்ளாச்சிக்குத் தெற்கே நெடுமதில்போல் உயர்ந்து நிற்பது ஆனைமலைத் தொடர். சங்க நூல்களில் கூறப்படும் உம்பற்காடு இம்மலைப் பகுதியே என்று அறிஞர் சிலர் கருதுவர். உம்பல் என்னும் சொல்லுக்கு யானை என்பது பொருள். ஆழியாற்று அணையைக் கடந்து மலைமேல் ஏறும் பாதை 40 கொண்டையூசி வளைவுகளை உடையது. அவ்வளவையும் கடந்து சென்றால், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் வால்பாறை என்னும் ஊரை அடையலாம். அதற்கும் அப்பால், மழை மிகுந்த சின்னக்கல்லாற்றுப் பக்கத்தில், சிங்கோனா என்னும் பெயருடைய ஊர் ஒன்று உண்டு. அப்பெயர் தமிழ்ப்பெயர் அன்று. அயல்நாட்டு மரம் ஒன்றின் பெயர். ஆயினும், அவ்வூருக்குச் செல்வோர் கண்ணுக்குத் தோன்றுவன தேயிலைச் செடிகளே. மரம் மறைந்தும் பெயர் மறையாமல் நிற்பது ஏன்? இவ்வினாவிற்கு விடை தேடப் புகுந்தால், ஒரு மரப்பட்டையிலிருந்து பிறந்த மருந்துகளின் வரலாறு முழுவதும் விரியும்.

சிங்கோனா மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள ஆண்டீஸ் மலை. அம்மலையின் கீழ்ச்சரிவுகளில், குளிரும் மழையும் கலந்த காடுகளில் அது வளரும். அதன் பட்டை மிகவும் கசப்பது. காய்ச்சலைத் தணிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்பது பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியருக்குத் தெரியவந்தது. சிங்கோன் என்னும் ஊரின் சீமாட்டி ஒருத்தி அப்பட்டையால் நோய் நீங்கினாள் என்று ஒரு கதை வழங்கிற்று. அக்கதையை நம்பியே லின்னேயஸ் என்னும் தாவரநூல் அறிஞர் 1742 ஆம் ஆண்டில் மரத்திற்கு அப்பெயரைச் சூட்டினார். அக்கதைக்குச் சான்றில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கதை பொய்த்தாலும் பட்டையின் பயன் பொய்க்கவில்லை. கினா என்னும் அந்நாட்டுச் சொல்லே மருந்திற்குக் குவினைன் என்னும் பெயரைத் தந்தது. தமிழ் மக்கள் அதனைக் கொயினா என்று தம் நாவிற்கு ஏற்ப ஆக்கிக்கொண்டனர்.

கொயினா தீர்க்கும் நோய் மலேரியா. நம் முன்னோர் இதனை முறைக்காய்ச்சல் என்றும் குளிர்காய்ச்சல் என்றும் வழங்கினர். இரண்டும் பொருந்திய பெயர்களே. முதலில் உடல் நடுநடுங்கும். எத்தனை கம்பளி போர்த்தினும் குளிர் தணியாது. பின்னர் உடல் அனலாய்க் கொதிக்கும். இறுதியில் வியர்வை வெள்ளமாய்ப் பெருகிக் காய்ச்சல் தணியும். நோயாளி நலம் பெற்றதாக எண்ணி எழுவான். ஒருநாள் விட்டு மறுநாள் அதே வேளையில் குளிர் மீண்டும் வந்து பற்றும். 1880 ஆம் ஆண்டில் லவரன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், அல்ஜீரிய நாட்டில் பணிபுரிந்தபோது, இந்நோயாளியின் குருதியில் வாழும் ஒட்டுண்ணியைக் கண்டார். அவ்வொட்டுண்ணி கொசுவின் உடலிலும் வளர்வதை, 1897 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20 ஆம் நாள், செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். அனாபிலிஸ் என்னும் இனத்தைச் சேர்ந்த பெண் கொசுவே இந்நோயை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்வது.

ஆனைமலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து காடுகள் பெருமளவில் திருத்தப்பட்டன. காப்பியும் தேயிலையும் இடப்பட்டன. அவ்வேலைக்காகச் சமவெளியிலிருந்து ஏழை மக்கள் கங்காணிகளால் அழைத்து வரப்பட்டனர். மலையின் சிற்றோடைகளிலும் ஊற்றுநீர்க் கசிவுகளிலும் புளுவியாட்டிலிஸ் என்னும் அனாபிலிஸ் கொசு வகை முட்டையிட்டுப் பெருகும். நீர் தெளிந்து மெல்ல ஓடும் இடமே அதற்கு உகந்த இடம். எனவே, கண்ணுக்கு இனிய அருவிக்கரையே காய்ச்சலின் பிறப்பிடமாயிற்று. அக்காலத் தோட்டத் தொழிலாளர் பட்ட துன்பத்தை, அங்கே மருத்துவராகப் பணியாற்றிய டேனியல் என்பவர் 1969 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'ரெட் டீ' என்னும் புதினத்தில் எழுதினார். ‘எரியும் பனிக்காடு’ என்னும் பெயரில் அது தமிழிலும் வந்துள்ளது. கூலி தேடி மலையேறியவர்க்குக் காய்ச்சலே முதற்கூலியாய்க் கிடைத்தது என்று கூறுவது மிகையாகாது. அன்று அவர்களுக்கு இருந்த பெருந்துணை கொயினாவே.

பட்டையை இடித்துப் பொடியாக்கி நீரிலோ மதுவிலோ கலந்து உண்பதே முற்கால வழக்கம். அதில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒரு மரத்தின் பட்டையில் மருந்துச்சத்து மிகுந்திருக்கும். மற்றொரு மரத்தின் பட்டையில் சிறிதும் இராது. ஒருபிடிப் பொடி ஒருவனைக் காக்கும். அதே அளவு பொடி மற்றொருவனைக் கைவிடும். இக்குறையை நீக்கியவர் பெல்லெத்தியே, காவந்து என்னும் பிரெஞ்சு நாட்டு இளைஞர் இருவர். 1820 ஆம் ஆண்டில் அவர்கள் பட்டையிலிருந்து குவினைனைத் தனியே பிரித்தெடுத்தனர். அதன்பின் மருந்தை நிறுத்துக் கொடுக்க முடிந்தது. பிடியளவு போய் எடையளவு வந்ததே மருத்துவ வரலாற்றில் ஒரு பெருந்திருப்பம் ஆகும்.

மருந்து பெருகவேண்டுமாயின் மரம் பெருகவேண்டும். ஆண்டீஸ் காடுகளில் பட்டைக்காக மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. வெட்டியவர் மீண்டும் நடவில்லை. ஆதலின், 1860 ஆம் ஆண்டில் கிளமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் தலைமையில் கன்றுகளும் விதைகளும் தென் அமெரிக்காவிலிருந்து இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டன. உதகமண்டலத்தின் அரசுப் பூங்காவைப் பேணிய மக்கைவர் அவற்றைக் கண்ணும் கருத்துமாக வளர்த்தார். நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. மரத்தை வெட்டாமல் பட்டையை மட்டும் நீளக் கீற்றுகளாக உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிவைத்தால், அங்கே புதுப்பட்டை தோன்றும் என்று மக்கைவர் கண்டார். உரித்தும் மரத்தைக் காக்கும் அம்முறை கறவைப் பசுவைப் பேணிப் பால் கறப்பதனை ஒத்தது. நடுவட்டத்தில் அரசு மருந்துத் தொழிற்சாலையும் ஏற்பட்டது. நீலகிரியை அடுத்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆனைமலையிலும் அரசு சிங்கோனாத் தோட்டம் இட்டது. சிங்கோனா என்னும் ஊர்ப்பெயர் அவ்வாறு வந்ததே.

விதையின் வரலாற்றில் கண்ணீர்க் கதை ஒன்றும் உண்டு. பொலிவியா நாட்டில் சார்லஸ் லெட்ஜர் என்னும் வணிகரிடம் பணிபுரிந்தவர் மானுவேல் மமானி என்னும் பழங்குடியினர். சத்து மிகுந்த மரம் எது என்பதைப் பார்த்த அளவில் அறியும் திறன் அவருக்கு இருந்தது. அவர் தேடிச் சேர்த்த விதையை 1865 ஆம் ஆண்டில் டச்சு அரசு வாங்கி ஜாவாத் தீவில் விதைத்தது. அம்மரங்களின் பட்டை ஏனைய பட்டைகளைவிடப் பன்மடங்கு குவினைன் தந்தது. அதனால் உலகக் குவினைன் வாணிகம் ஏறத்தாழ முழுவதும் ஜாவாவின் கைக்குப் போயிற்று. விதையை அயலவர்க்குக் கொடுத்த குற்றத்திற்காக மமானி தம் நாட்டில் சிறைப்பட்டு, அடியுண்டு, உயிர் துறந்தார். மரவகைக்கு லெட்ஜர் பெயர் நிலைத்தது; தேடித் தந்தவர் பெயரைச் சிலரே அறிவர்.

பட்டையிலிருந்து மருந்து எடுக்கும் முறை அறியத்தக்கது. உரித்த பட்டையை நன்கு உலர்த்தி மாவாக அரைப்பர். அம்மாவுடன் சுண்ணாம்பைச் சேர்த்துப் பிசைவர். பட்டையில் அமிலங்களோடு பிணைந்து கிடக்கும் மருந்துச்சத்து சுண்ணாம்பினால் விடுபடும். பின்னர் எண்ணெயை ஊற்றிச் சூடாக்கிக் கலக்குவர். சத்து எண்ணெயில் கரையும். அந்த எண்ணெயை நீர்த்த கந்தக அமிலத்துடன் சேர்த்துக் கலக்கினால், சத்து எண்ணெயைவிட்டு அமிலநீருக்கு மாறும். அந்நீரைக் காய்ச்சி ஆறவிட்டால் வெண்ணிறப் படிகங்கள் படியும். வெண்பட்டு நூலைக் கத்தரித்துக் குவித்தாற்போன்ற அப்படிகங்களே குவினைன் சல்பேட்டு.

படிகம் நீக்கியபின் எஞ்சிய நீரிலும் கசப்புத் தீர்வதில்லை. ஏனெனில், பட்டையில் இருப்பது குவினைன் மட்டும் அன்று. குவினைன், குவினிடின், சிங்கோனின், சிங்கோனிடின் என்னும் நான்கு சத்துகள் அதில் முதன்மையானவை. தாவரங்களில் தோன்றி, நைட்ரஜனைக் கொண்டு, உடலில் வன்மையாகச் செயற்படும் இத்தகைய சத்துகளை ஆல்கலாய்டுகள் என்பர். நான்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆயினும், உலகம் மூத்தவரை மட்டும் அறிந்து ஏனையோரை மறந்தது.

இம்மறதி தகுமா என்னும் ஆராய்ச்சி தமிழ்நாடு அடங்கிய சென்னை மாகாணத்திலேயே நிகழ்ந்தது. 1866 முதல் 1868 வரை, ஏறத்தாழ 3,600 காய்ச்சல் நோயாளிகளுக்கு இந்நான்கு சத்துகளும் தனித்தனியே கொடுத்துப் பார்க்கப்பட்டன. நான்கினாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மேல் காய்ச்சல் நின்றது. மருந்துகளை ஒப்பிட்டு ஆராயும் முறை பரவாத அக்காலத்தில் இத்துணைப் பெரிய ஆராய்ச்சி அரியதே. இதனால் விளைந்த நன்மை ஏழைகளைச் சார்ந்தது. தூய குவினைனின் விலை மிகுதி. அதனை வாங்கும் ஆற்றல் உழவனுக்கும் கூலியாளுக்கும் இல்லை. நான்கு சத்துகளையும் பிரிக்காது ஒருங்கே எடுத்தால் செலவு குறையும். அவ்வாறு எடுத்த கலவைச் சத்து, சிங்கோனாக் காய்ச்சல் மருந்து என்னும் பெயரால் இந்தியாவில் மலிவாக வழங்கப்பட்டது. பிற்காலத்தில் உலக நாடுகள் சங்கத்தின் மலேரியாக் குழுவும் டோட்டாகுவினா என்னும் பெயரில் இத்தகைய கலவையையே பரிந்துரைத்தது. மூத்தவர் செல்வர் வீட்டிற்குச் செல்ல, இளையவர் மூவரும் ஏழை வீட்டின் படியேறினர்.

இனி, குவினைன் உடலுள் எவ்வாறு செயற்படுகிறது என்பதனை நோக்கலாம். மலேரியா ஒட்டுண்ணி நம் குருதியின் சிவப்பணுவிற்குள் நுழைந்து, அங்குள்ள ஹீமோகுளோபினை உணவாகக் கொள்ளும். உண்டபின் எஞ்சும் ஹீம் என்னும் கழிவு அவ்வொட்டுண்ணிக்கே நஞ்சு. ஆதலால் அது அக்கழிவைக் கரிய படிகமாக்கித் தீங்கின்றி ஒதுக்கிவிடும். லவரன் நோயாளியின் குருதியில் கண்ட கருநிறப் பொருள் அதுவே. குவினைன் ஒட்டுண்ணியின் உணவுப்பையுள் சேர்ந்து, கழிவு படிகமாவதைத் தடுக்கிறது என்று அறிஞர் கருதுவர். அடுப்பெரிப்பவன் சாம்பலை அள்ளிக் கொட்டினால்தான் மீண்டும் நெருப்பு மூட்ட இயலும்; அள்ளவிடாது தடுத்தால் சாம்பலே அடுப்பை அடைத்துவிடும். அதுபோல, தன் கழிவாலேயே ஒட்டுண்ணி மடிகிறது.

நோயைக் கொல்லும் மருந்து நோயாளியையும் தீண்டாமல் விடுவதில்லை. குவினைன் அளவு மிகுந்தால் காதில் ஓயாத இரைச்சல் கேட்கும், செவி மந்தமாகும், தலை சுழலும், கண் மங்கும். குருதியிலுள்ள சருக்கரையின் அளவு குறைந்து மயக்கம் நேர்தலும் உண்டு. இரவில் கால்தசை பிடித்திழுக்கும் நோவிற்கு இதனை உண்ணும் வழக்கம் மேலைநாடுகளில் இருந்தது. அரிதாயினும் அதனால் குருதியின் தட்டணுக்கள் குறைந்து உயிருக்கே கேடு விளைந்தமையால், அந்நோவிற்கு இதனைப் பயன்படுத்தலாகாது என்று அமெரிக்க நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. சிறு நோவிற்குப் பெருமருந்து ஆகாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

அடுத்தது குவினிடின். குவினைனும் குவினிடினும் ஒரே வகை அணுக்களால் ஆனவை. ஒவ்வொன்றிலும் கரியணு 20, ஹைட்ரஜன் அணு 24, நைட்ரஜன் அணு 2, ஆக்சிஜன் அணு 2 உள்ளன. அவை அமைந்திருக்கும் திசையில்தான் வேறுபாடு. எழுத்துகள் மாறாமல் அவற்றின் அடுக்கு மாறினால் சொல்லும் பொருளும் மாறுவதைப் போன்றது இது. இவ்வேறுபாட்டால் குவினிடினுக்கு இதயத்தின்மேல் ஆற்றல் மிகுந்தது. அவ்வாற்றல் வெளிப்பட்ட வரலாறு சுவையானது. 1912 ஆம் ஆண்டில் வெங்கபாக் என்னும் டச்சு மருத்துவரிடம் வணிகர் ஒருவர் வந்தார். அவருடைய இதயத்துடிப்பு ஒழுங்கின்றி இருந்தது. கீழைநாடுகளில் பயணம் செய்து கொயினாவைப் பழகியிருந்த அவர், அதனை உண்டால் தம் துடிப்புச் சீராகிறது என்று கூறினார். மருத்துவர் முதலில் ஐயுற்றார். வணிகர் மறுநாள் சீரான நாடியுடன் வந்து நின்றார். நோயாளியின் சொல்லை இகழாது வெங்கபாக் 1914 ஆம் ஆண்டில் அதனை எழுதி வெளியிட்டார். 1918 ஆம் ஆண்டில் பிரே என்னும் ஜெர்மானிய மருத்துவர், பட்டையின் சத்துகளை ஒப்பிட்டு, இதயத்திற்குக் குவினிடினே சிறந்தது என்று நிறுவினார்.

இதயத்தின் மேலறைத் தசைகள் ஒருங்கே சுருங்கினால் துடிப்புச் சீராக இருக்கும். திருவிழாவில் வடம் பிடிப்போர் ஒரே குரலுக்கு ஒருங்கே இழுத்தால் தேர் அசையும். ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியவாறு இழுத்தால் வடந்தான் ஆடும். மேலறைத் தசைகள் அவ்வாறு தனித்தனியே துடித்து நடுங்குவதும் உண்டு. குவினிடின் தசையணுவின் சோடிய வாயிலையும் பொட்டாசிய வாயிலையும் ஓரளவு அடைத்து, ஒரு சுருக்கத்திற்கும் மறு சுருக்கத்திற்கும் இடைப்பட்ட ஓய்வை நீட்டிக்கிறது. நடுங்கிய தசை அடங்கி ஒழுங்குபடுகிறது. ஆயினும், அவ்வோய்வு அளவின்றி நீண்டால் அதுவே உயிரைப் பறிக்கும் தாறுமாறான துடிப்பிற்கு வழிவகுக்கும். ஆதலின், நல்ல புதுமருந்துகள் வந்தபின் குவினிடின் பின்தங்கியது. புருகாடா என்னும் அரிய இதயநோய் உடைய சிலருக்கு மட்டும் இன்றும் அது காப்பாக உதவுகிறது.

குவினிடினுக்கு வேறொரு பயனும் உண்டு. நாம் உண்ணும் மருந்துகள் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் கல்லீரலில் உள்ளன. அவற்றுள் ஒன்றைக் குவினிடின் மிகச் சிறிய அளவிலேயே தடுத்துவிடும். இருமலுக்கு வழங்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் என்னும் மருந்தை விரைவில் சிதைப்பது அந்நொதியே. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இருமல் மருந்து சிதையாமல் குருதியில் நெடுநேரம் நின்று மூளையில் செயற்படும். மூளை நோய்வாய்ப்பட்ட சிலர் காரணமின்றி அடக்கவொண்ணாது அழுவர், அல்லது சிரிப்பர். அத்துன்பத்திற்கு இக்கூட்டு மருந்தை 2010 ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு ஏற்றது. இங்கே குவினிடின் நோயைத் தீர்ப்பதன்று. தீர்க்கும் மருந்திற்குக் காவலாய் நிற்பது. இக்காரணத்தாலேயே ஒரு மருந்தை உண்போர் மற்றொன்றைத் தாமே சேர்த்து உண்ணலாகாது.

சிங்கோனினும் சிங்கோனிடினும் மருந்தாக இன்று மிகுதியாக வழங்கவில்லை. அவை வேதியியலார்க்குத் துணைபுரிந்தன. வலக்கையும் இடக்கையும்போல ஒன்றுக்கொன்று நேர்மாறான வடிவமுடைய பொருள்கள் கலந்திருப்பின் அவற்றைப் பிரிப்பது அரிது. வலக்கையுறை வலக்கைக்கே பொருந்துவதுபோல, சிங்கோனாச் சத்துகள் அவ்விரண்டனுள் ஒன்றோடு வேறுவகையாகப் பொருந்தும். 1853 ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் இச்சத்துகளினின்று பெற்ற பொருள்களைக் கொண்டே ஓர் அமிலக் கலவையை இருகூறாகப் பிரித்தார். மருந்து செய்யும் கலைக்கு இஃது இன்றியமையாத முறையாயிற்று.

1942 ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப்போரின் நடுவே, ஜாவா ஜப்பானியர் கைப்பட்டது. உலகின் குவினைனில் பத்தில் ஒன்பது பங்கு தந்த வாயில் ஒருநாளில் அடைபட்டது. ஒரே தீவை நம்பியிருந்த நாடுகள் திகைத்தன. அப்போது ஆய்வகத்திலேயே மருந்து செய்யும் முயற்சி விரைந்தது. 1934 ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஆண்டர்சாக் என்பவரால் ஆக்கப்பட்டு, நஞ்சு மிகுந்தது எனத் தவறாக ஒதுக்கப்பட்ட ஒரு பொருள், போரின் இறுதியில் மீண்டும் ஆராயப்பட்டது. அதுவே குளோரோகுவின். குவினைனைப்போல் அதுவும் ஒட்டுண்ணியின் கழிவு படிகமாவதைத் தடுக்கும். விலையோ மிகக் குறைவு. அதன் உறவான ஹைட்ராக்சிகுளோரோகுவின், உடலின் காவலாற்றல் தன் உடலையே தாக்கும் மூட்டுநோயிலும் லூபஸ் என்னும் நோயிலும் இன்று நற்பயன் தருகிறது.

ஒருமுறை தீர்ந்த காய்ச்சல், கொசு கடியாமலே பல திங்கள் கழித்து மீள்வது மருத்துவரை நெடுங்காலம் மயக்கிற்று. வைவாக்ஸ் என்னும் மலேரியா ஒட்டுண்ணி கல்லீரலில் புகுந்து உறங்கிக் கிடக்கும். குருதியில் செயற்படும் குவினைனும் குளோரோகுவினும் அதனைத் தொடா. 1952 ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்த பிரைமாகுவின் என்னும் மருந்தே அவ்வுறக்கத்தில் அதனை அழிப்பது. காய்ச்சல் நின்றபின்னும் பல நாள் இம்மருந்தை உண்ணச் சொல்வதன் காரணம் இதுவே. ஆயினும், சிலருடைய சிவப்பணுக்களில் ஜி-6-பி-டி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்திருக்கும். அன்னார் பிரைமாகுவினை உண்டால் சிவப்பணுக்கள் உடைந்து சிதையும். இவ்வுண்மை 1956 ஆம் ஆண்டில் விளங்கிற்று. ஒருவர்க்கு அமுதமானது மற்றொருவர்க்கு நஞ்சாவதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

மருந்துகளோடு கொசுவை ஒழிக்கும் பூச்சிக்கொல்லியும் சேர்ந்தது. நம் நாட்டில் 1953 ஆம் ஆண்டில் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. ஆண்டிற்கு ஏழரைக் கோடிப் பேரைப் பற்றி, எட்டு இலட்சம் பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட நோய், 1965 ஆம் ஆண்டளவில் ஓர் இலட்சம் பேர் என்னும் அளவிற்குக் குறைந்தது. நோய் ஒழிந்தது என்று மக்கள் அயர்ந்தனர், நோய் அயரவில்லை. 1973 ஆம் ஆண்டில் குளோரோகுவினுக்கு அடங்காத மலேரியா அசாமில் காணப்பட்டது. 1976 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் 64 இலட்சம் பேர் நோயுற்றனர். புதுமருந்து தோற்ற இடங்களில், மூலையில் கிடந்த பழைய குவினைன் மீண்டும் அழைக்கப்பட்டு உயிர் காத்தது. பின்னர், சீன நாட்டு மூலிகை ஒன்றிலிருந்து தூ யூயூ என்னும் பெண் அறிஞர் 1972 ஆம் ஆண்டில் பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினின் முன்வந்தது. அதற்காக அவர் 2015 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். கடுமையான மலேரியாவிற்கு அவ்வினத்தைச் சேர்ந்த ஆர்ட்டிசுனேட்டே குவினைனைவிடச் சிறந்தது என்பது இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு.

இவ்வாறு குவினைனின் தேவை குறைந்ததனால் சிங்கோனாத் தோட்டங்களின் வருவாயும் குறைந்தது. ஆனைமலையில் மரங்கள் நின்ற இடத்தில் தேயிலை இடப்பட்டது. தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகத்தின் தோட்டங்கள் அங்கே அமைந்தன. மரம் போயிற்று, ஊர்ப்பெயர் நின்றது. தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடை இதுவே.

அவ்விடையினுள் அறிவுரை ஒன்றும் அடங்கியுள்ளது. பட்டை ஒன்றே, அதனுள் காய்ச்சலைத் தணிப்பதும் இதயத்தை ஒழுங்குபடுத்துவதும், அளவு மிகுந்தால் செவியைக் கெடுப்பதும் துடிப்பைக் குலைப்பதும் ஒருங்கே இருந்தன. நன்மையும் தீமையும் அளவிலும் ஆளிலும் காலத்திலும் அமைந்தன. மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், நோயுற்றவனின் நிலையையும் நோயின் நிலையையும் காலத்தையும் எண்ணியே மருத்துவன் செயற்படவேண்டும் என்று கூறிப் போந்தார். பெயர் அறியாத மருந்தைப் பிறர் உண்டார் என்று தாமும் உண்பவரும், காய்ச்சல் நின்றவுடன் எஞ்சிய மருந்தை எறிந்துவிடுபவரும் இம்மூன்றனையும் எண்ணாதவர் ஆவர்.

ஆனைமலையின் சிங்கோனா என்னும் ஊர்ப்பெயரில், விதை தேடி உயிர் துறந்த மமானியும், பட்டை உரித்த கைகளும், குளிரில் நடுங்கிய தொழிலாளரும், நோயாளியின் சொல்லைச் செவிமடுத்த மருத்துவரும் உறைகின்றனர். கசப்பான அம்மருந்து அவர்கள் அனைவரும் சேர்ந்து உலகிற்கு ஈந்த கொடை. அதனை அளவறிந்து பயன்படுத்துவதே அவர்க்கு நாம் செய்யும் கைம்மாறு ஆகும்.